காட்டோரக் கிராமமும் ஒரு முதலீட்டு யோசனையும்: வன்னியில் 2018 முதல் 2024 வரை

பின்னணி

வட இலங்கையின் வன்னியில், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியை விட்டுக் கிரவல் பாதையில் இறங்கி, அது முடியும் இடம்வரை போனால் இந்தக் கிராமம் வரும். ஊரவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயரைக் குறிப்பிடவில்லை. ஒரு சிறுகுளம், துருசுக்கு, அதாவது மதகுக்கு, கீழே வயல், வயலோரம் வீடுகள், மூன்று பக்கமும் காடு. காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். மாரியில் பாதை உடைந்தால் அதுவும் இல்லை.

காடு என்றால் பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கும் வன்னிக் காடு. ஆற்றோரங்களில் மருதும் உண்டு. ஐப்பசி தொடக்கம் தை வரை பெய்வதுதான் மழை. மற்ற மாதங்களில் பெய்வது கணக்கில் வராது. ஊரவர்கள் காலபோகத்தில், அதாவது மாரிமழைப் பயிர்க்காலத்தில், நெல் விதைக்கிறார்கள். மேட்டுக்காணியில் கச்சானும் (நிலக்கடலை) உளுந்தும் போடுகிறார்கள். மாடு வளர்ப்பும் குளத்து மீனும் உண்டு, வைகாசி ஆனியில் பாலைப்பழமும் தேனும் கிடைக்கும்.

குடிகள் ஒரே காலத்தில் வந்தவர்கள் அல்லர். குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற பழைய குடும்பங்கள் ஒரு பகுதி. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியமர்ந்தவர்கள் இன்னொரு பகுதி. 2008இல் போரால் எல்லோருமே இடம்பெயர்ந்தார்கள். 2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2010க்கும் 2012க்கும் இடையில் பகுதி பகுதியாகத் திரும்பினார்கள். கண்ணிவெடி அகற்றப்பட்ட பிறகே வயலுக்கு இறங்க முடிந்தது. பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் இங்கே அதிகம். அடுத்து நடந்தவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு விடயத்தோடு பிணைந்தவை.

வந்த யோசனை

2018 தொடக்கத்தில் சுவிஸிலிருந்து ஒருவர் வந்தார். தாய்வழியில் வன்னியோடு தொடர்புள்ளவர், ஐம்பது வயதைக் கடந்தவர், சேமித்த பணத்தை ஊரில் போட வேண்டுமென்று உண்மையாகவே விரும்பியவர். குளக்கட்டுக்கு அருகே ஏறக்குறைய பத்து ஏக்கர் வாங்கி, மரக் கபானாக்கள் (தனித்தனிக் குடில்கள்), நீச்சல் தடாகம், காட்டுக்குள் நடைபாதை, இரவு நேரக் காட்டுலா என்று ஒரு விடுதி அமைப்பது திட்டம். ஊரில் இருபது பேருக்காவது வேலை கிடைக்கும் என்றார். கொழும்பில் ஒருவரைக் கொண்டு எழுதுவித்த திட்ட அறிக்கையும் கையில் இருந்தது.

அந்த அறிக்கை இந்தக் காட்டை மழைக்காடாகவே எண்ணி எழுதப்பட்டிருந்தது. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் உள்ள விடுதிகளைப் பார்த்து எழுதியது போலிருந்தது: வருடம் முழுவதும் பச்சை, வருடம் முழுவதும் ஓடும் தண்ணீர், பன்னிரண்டு மாதமும் விருந்தினர். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த சிங்கராஜவில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும், அதுவும் மாதமெல்லாம் பரந்து பெய்யும். வன்னியில் 1,250 முதல் 1,500 வரைதான், அதுவும் நாலு மாதத்துக்குள். அறிக்கையின் வருமானக் கணக்கு முழுவதும் கிடைக்காத தண்ணீரை நம்பி நின்றது.

கமக்காரர் அமைப்பின் தலைவர், எழுபது வயதுப் பெரியவர், அறிக்கையை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி, ஆடி ஆவணியில ஒருக்கா வந்து குளத்தைப் பாருங்கோ. பிறகு கதைப்பம்” என்றார். யோசனையைப் பார்த்துச் சொல்ல, ஊருக்கு வெளியே இருந்த எங்களை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் கூப்பிட்டது இந்தக் கட்டத்தில்தான். யோசனையை மறுக்காமலும் உடனே ஏற்காமலும் ஒரு வருடச் சுற்றைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று கூட்டத்தில் தீர்மானமானது. முதலீட்டாளரும் அதற்குச் சம்மதித்தார். அவருடைய அந்தப் பொறுமை இல்லாமல் பின்னால் நடந்த நல்லது எதுவும் நடந்திராது.

நாங்கள் பார்த்தவை: தண்ணீர்

ஆவணியில் குளத்தின் நடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. அலைகரை, அதாவது தண்ணீர் வற்றிய குளத்தோரம், முழுவதும் புல்லாகி மாடு மேய்ந்தது. கிணறுகள் இறங்கிவிட்டன. குடிக்கும் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கேனில் வாங்குகிறார்கள்; காரணம் தெரியாத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நில்லாமல் வன்னிக்கும் வந்துவிட்ட பிறகு, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் பலருக்கும் பயம். இந்தப் பக்கத்தில் நிலத்தடி பெரும்பாலும் கடும்பாறை. பாறை வெடிப்பிலும் மேல்மண்ணிலும் தங்கிய தண்ணீர்தான் கிணற்றுக்கு வருகிறது. ஒரு ஆழ்துளைக் குழாய்க்கிணறு தோண்டி நீச்சல் தடாகம் நிரப்பினால், பக்கத்து வளவுக் கிணறுகள் முதலில் காயும்.

இங்கே இன்னொரு பொருத்தமின்மையும் தெரிந்தது. புலம்பெயர்ந்த குடும்பங்கள் வருவது ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளி விடுமுறையான ஆடி ஆவணியில். மடு மாதாவின் ஆவணித் திருவிழா, நல்லூர்க் கொடியேற்றம் எல்லாம் அந்தக் காலத்தில்தான். அதாவது பணம் செலவழிக்கக்கூடியவர்கள் வரும் நேரமும் ஊரில் தண்ணீர் இல்லாத நேரமும் ஒன்று. ஊர் மிக அழகாக இருப்பது மார்கழி தொடக்கம் பங்குனி வரை. குளம் நிறைந்து, வயல் பச்சையாகி, வலசை வரும் தாராக்களும் நாரைகளும் இறங்கியிருக்கும். அப்போது வரக்கூடியவர்கள் யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பிலிருந்து வரும் பறவை பார்ப்போரும் பல்கலைக்கழக மாணவர்களும் சில வெளிநாட்டுச் சைக்கிள் பயணிகளுமே.

காணி

குளக்கட்டோரப் பத்து ஏக்கர் ஐந்து குடும்பங்களிடம் இருந்தது. ஐந்தும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி. பேர்மிட் காணியைத் தனியாருக்கு விற்க முடியாது. பேர்மிட்டுக்கு அடுத்த நிலையான அளிப்புப் பத்திரம் கிடைத்த பிறகும் பிரதேச செயலகத்தின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. வன்னியில் ‘காணி வாங்கினேன்’ என்று சொல்லும் பலர் கையில் வைத்திருப்பது ஒரு வெள்ளைத்தாள் உடன்படிக்கை. அதை நம்பிக் கட்டடம் எழுப்புகிறவருக்கும் சட்டப் பாதுகாப்பு இல்லை, கையெழுத்து வைத்த குடும்பத்துக்கும் இல்லை. பேர்மிட் ரத்தாகும் அபாயம் அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

முதலீட்டாளர் சுவிஸ் குடியுரிமை மட்டும் உள்ளவர், இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி உரித்து மாற்ற முடியாது. 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். அரச காணியை வணிகத்துக்காக நீண்டகாலக் குத்தகையில் கேட்பது வேறு நடைமுறை, அது பிரதேச செயலகத்தில் தொடங்கி மேல்மட்டங்கள் வரை போகும். இதெல்லாம் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. கேட்ட காணியின் ஒரு மூலை வன எல்லைக் கல்லுக்கு அப்பால் போனதும் அளந்தபோதுதான் தெரிந்தது.

ஐந்து பேர்மிட்டில் இரண்டு, 2009இல் காணாமற்போன கணவன்மாரின் பெயரில் இருந்தன. பெயர் மாற்ற மரணச் சான்றிதழ் கேட்பார்கள். ஒரு அக்கா அதை எடுக்க மறுத்தே வந்திருக்கிறார்: “அவர் செத்தவர் எண்டு நான் கையெழுத்து வைக்க மாட்டன்.” 2016இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழைப் பெற வழி செய்திருக்கிறது. அது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. விடுதி வருகிறதோ இல்லையோ, அந்தப் பத்திரத்தைப் பெறும் வேலையை உடனே தொடங்கினோம்.

யானை

கோடையில் குளம் வற்றி அலைகரையில் புல் முளைக்கும்போது யானைகள் அங்கே இறங்குகின்றன. அவை வரும் பாதை அந்தப் பத்து ஏக்கரின் நடுவால் போகிறது. இதைச் சொல்ல நிபுணர் தேவைப்படவில்லை. காவல் பரணில் படுக்கும் யாரைக் கேட்டாலும் கையால் காட்டுவார். அங்கே வேலி போட்டு விளக்கு எரித்தால் யானை நின்றுவிடாது, பக்கத்து வீடுகளுக்குள்ளால் வழி எடுக்கும். 2022, 2023 ஆகிய இரண்டு வருடங்களிலும் நாடு முழுவதும் ஆண்டுக்கு 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன, ஆண்டுக்கு 100க்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். யானை வெடியோடு இரவைக் கழிக்கும் ஊரில் இரவுக் காட்டுலா என்று எழுதியவர் ஒரு இரவு அந்த ஊரில் தங்கியிருக்க வேண்டும்.

வருகிறவர்கள்

அந்த வருடம் உறவினர் வீடுகளுக்கும் கோயிலுக்கும் வந்தவர்களை மாதர் சங்கத்தினர் கவனித்தார்கள், பேச்சுக் கொடுத்தார்கள். எங்களுக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். வருகிறவர்கள் முதலில் கேட்பது சுத்தமான மலசலகூடம். அடுத்தது சாப்பாடு: குரக்கன் பிட்டு, குளத்து விரால் குழம்பு, எருமைத் தயிர், தேன். அப்புறம் குளக்கட்டில் நடக்க வேண்டும், பிள்ளைகளுக்கு வயலைக் காட்ட வேண்டும். நீச்சல் தடாகம் வேண்டுமென்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு வேண்டுகோள்கள் ஊரைச் சங்கடப்படுத்தின. ஒன்று வேட்டை இறைச்சி. “மரை இருக்கா, உடும்பு இருக்கா” என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. மரையும் மானும் உடும்பும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. விருந்தினர் பணத்தைக் காட்டினால் காட்டுக்குள் போகக்கூடிய இளைஞர்கள் ஊரில் இருக்கிறார்கள், பிடிபட்டால் சிறை போவதும் அவர்களே.

மற்றது போர். பெண்கள் கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: “சோறு போட எனக்கு விருப்பம். வாற சனம் ஒரு வாய் சாப்பிட முதல் கேக்கிறது, உங்கட வீட்டில ஆர் ஆர் இல்லை எண்டுதான். நான் என்னத்தைச் சொல்ல, கறியைப் பரிமாறிக்கொண்டு?” கூட்டம் நெடுநேரம் அமைதியாக இருந்தது. பிறகு இன்னொருவர், “கேக்காம விட்டாலும் நோகும், அக்கா. ஆனா அவையள் படம் எடுக்கிறதுக்குச் சொல்ல ஏலாது” என்றார். கேட்பவர்கள் பலர் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள், அவர்களுடைய குடும்பங்களிலும் இழப்பு இருக்கிறது. ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்குள் அந்தக் கதையும் அடங்கும் என்ற நிலை வந்துவிடக் கூடாது என்பதில் கூட்டத்தில் ஒருவருக்கும் வேறு கருத்து இருக்கவில்லை. நாங்களும் அதில் உறுதியாக நின்றோம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

2018 கார்த்திகையில் ஊர்க்கூட்டம் கூடி, பத்து ஏக்கர் கைமாறாது என்று முடிவெடுத்தது. முதலீட்டாளர் இதைக் கேட்டு வருந்தினார், ஆனால் விலகவில்லை. பணத்தைக் காணியில் போடுவதற்குப் பதிலாக வீடுகளில் போடச் சம்மதித்தார். விருப்பம் தெரிவித்த நான்கு வீடுகளில் ஒரு அறை, ஒரு மலசலகூடம், கூரைத் தண்ணீரைச் சேர்க்கும் ஒரு மழைநீர்த் தாங்கி. விருந்தினர் தரும் பணத்தில் ஒரு பங்கு அவருக்கு, ஒரு பங்கு குளக்கட்டுப் பராமரிப்புக்கு, மீதி வீட்டுக்கு. இதை மாதர் சங்கத்தின் பெயரில், சட்டத்தரணி ஒருவர் எழுதித்தந்த உடன்படிக்கையாகச் செய்தோம். நட்டம் வந்தால் வீட்டுக்காரர் கடனாளி ஆகமாட்டார் என்ற வரி அதில் முக்கியமானது.

கடன் பற்றி அவ்வளவு கவனம் ஏன் என்றால், வடக்கில் நுண்கடன் செய்த அழிவை இந்தப் பெண்கள் நேரில் கண்டவர்கள். வாரத் தவணைக்கு ஆள் வாசலில் வந்து நிற்பதை அனுபவித்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது.

விருந்தினர் தங்குவது மார்கழி தொடக்கம் ஆனி வரை மட்டும் என்று வைத்தோம். ஆடி ஆவணியில் வருபவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு உண்டு, தங்க இடமில்லை. பணம் இழக்கும் முடிவு என்று தெரிந்தேதான் எடுத்தோம். கேன் தண்ணீரில் வாழும் வீட்டில் நாலுபேர் குளிக்க முடியாது. நடப்பது குளக்கட்டும் வயல்வரம்பும் மட்டும். காட்டுக்குள் போக அனுமதி வேண்டும்; தவிர, கரடி உள்ள காட்டில் பொறுப்பேற்க யாரும் இல்லை. பொழுதுபட்ட பிறகு வெளியே போவதில்லை. வேட்டை இறைச்சி எந்த வீட்டிலும் சமைக்கப்படாது. போர் பற்றி வீட்டுக்காரர் தானாகப் பேசினால் கேட்கலாம், கேள்வி கேட்கவோ படம் எடுக்கவோ கூடாது. கடைசி இரண்டையும் வருவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு.

பதிவு வேலையில் ஒரு தடை வந்தது. வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்யலாம். அதற்கு வீட்டின் ஆவணம் வேண்டும். பேர்மிட் கணவன் பெயரில் இருந்த வீடு அங்கே நின்றுவிட்டது. மற்ற மூன்று வீடுகளும் முன்னே போயின.

நடந்தது

முதல் விருந்தினர் நத்தார் விடுமுறைக்கு வருவதாக இருந்தது. 2018 மார்கழிக் கடைசியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம். பாதை அறுந்தது, குளம் நிரம்பி வான் பாய்ந்தது, ஊர் முழுவதும் மண் மூட்டையோடு குளக்கட்டில் நின்றது. மாசியில் ஆட்கள் வந்தார்கள். பறவை பார்ப்போர் ஒரு குழு, மாணவர் ஒரு குழு, லண்டனிலிருந்து ஒரு குடும்பம். சாப்பாடு எல்லோருக்கும் பிடித்தது. ஒரு இரவு யானை வந்து ஒரு வீட்டின் பின்புறக் குசினியை நெல் மூட்டைக்காக உடைத்தது. விருந்தினர் உள்ளே பாதுகாப்பாக இருந்தார்கள். அதன்பின் நெல்லைக் குசினியில் வைப்பது நின்றது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல். அத்தோடு எல்லாம் நின்றது. அடுத்த வருடம் கொரோனா. 2018இல் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடை வயலை அடித்தது, 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்ஸே வரவில்லை. கபானாக்களும் நீச்சல் தடாகமும் கடன் எடுத்துக் கட்டப்பட்டிருந்தால் இந்த நாலு வருடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று முதலீட்டாளரே பின்னர் சொன்னார். இங்கே அறைகளில் பிள்ளைகள் படித்தார்கள், உளுந்து காய வைத்தார்கள். மழைநீர்த் தாங்கி மூன்று வீட்டுக்கும் கோடையின் முதல் பாதி வரை தண்ணீர் தந்தது. விருந்தினருக்கென்று கட்டியதில் வீட்டாருக்கு மிகவும் பயன்பட்டது அந்தத் தாங்கியே.

2023 தை மாதம் திரும்பத் தொடங்கினோம். மூன்றில் ஒரு வீடு விலகியது. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, அறை தேவைப்பட்டது. குளக்கட்டில் பறவைகளைக் காட்டக் கற்றிருந்த தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். ஆங்கிலமும் பறவைகளின் பெயரும் தெரிந்த ஒருவரை ஊர் இழந்தது பெரிய இழப்பு, ஆனால் சில மாதச் சீசனை நம்பி இருக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவருடைய இடத்தில் இப்போது பெண்பிள்ளைகள் இருவர் கற்கிறார்கள். 2024இல் நாட்டுக்கு வந்தவர்கள் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள், இந்த ஊருக்கு வந்தது அதில் ஒரு துளி. வீட்டுக்கு வரும் பணம் காலபோகத்தின் உழவுக்கூலிக்கும் விதைநெல்லுக்கும் காணும். அதற்கு மேல் இல்லை. அந்தச் செலவுக்கு முன்பு நகை அடகு வைத்தவர்களுக்கு இது சிறிய விடயம் அல்ல.

மனக்கசப்பும் வந்தது. அறை உள்ள வீட்டுக்கு மட்டும் காசு போகிறது என்று மற்றவர்கள் பேசினார்கள், பேசியது நியாயமும்தான். இப்போது தயிர், தேன், மீன், கச்சான் எல்லாம் வேறு வீடுகளிலிருந்து முறைவைத்து வாங்கப்படுகின்றன. குழுவாக வருபவர்களுக்கு மாதர் சங்கம் பொதுவாகச் சமைக்கிறது.

மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்த அக்காவுக்கு, கணவர் காணாமற்போனதை உறுதிப்படுத்தும் பத்திரம் 2023இல் கைக்கு வந்தது. காணி அபிவிருத்திச் சட்டத்தில் மகன்மாருக்கு முன்னுரிமை தந்த வாரிசு வரிசை 2022இல் திருத்தப்பட்டதால், மகள்மார் இருவருக்கும் இப்போது சமமான இடம் இருக்கிறது. பேர்மிட் பெயர் மாற்றம் இன்னும் முடியவில்லை.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை

திரும்ப இப்படியொரு ஊருக்குப் போனால் காணிப் பத்திரங்களை முதல் மாதமே ஒவ்வொரு வீடாக எடுத்துப் பார்ப்போம், முதலீடு பற்றிய பேச்சுக்கு முன்பே. பெயர் மாற்றத்துக்கு வருடங்கள் போகின்றன. விடுதியோ விருந்தினரோ இல்லாவிட்டாலும் அது அந்தக் குடும்பத்துக்குத் தேவையான வேலை.

தண்ணீரை வாய்ச்சொல்லில் விடாமல், குளத்தின் அளவுகோலிலும் நாலைந்து கிணறுகளிலும் மாதம் ஒருமுறை ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் எந்த முதலீட்டாளரோடும் அந்தக் கொப்பியை வைத்தே பேச்சுத் தொடங்கலாம். இங்கே 2023 முதல் அது நடக்கிறது.

பொருட்களை முறைவைத்து வாங்கும் ஏற்பாடு உடன்படிக்கையிலேயே இருக்க வேண்டும், கசப்பு வந்த பிறகு அல்ல. வழிகாட்டப் பழக்குபவர்கள் ஒருவருக்கு மேல் இருக்க வேண்டும்.

முதலீட்டாளரின் பணத்தில் ஒரு பகுதி இன்னும் செலவாகாமல் இருக்கிறது. இரண்டாவது மழைநீர்த் தாங்கித் தொகுதிக்கா, கச்சான் உடைக்கும் இயந்திரத்துக்கா என்று மாதர் சங்கத்தில் இரண்டு கருத்து. அவர் தாங்கி பக்கம், பெண்களில் பெரும்பாலானோர் இயந்திரத்தின் பக்கம். காலபோக அறுவடை முடிந்து கூடும் கூட்டத்தில் வாக்கெடுப்பார்கள்.